சிங்கிள்ஸ்பீடு மலைச் சைக்கிளுக்கு எந்த செயின் டென்ஷன் முறை? பல குளிர்காலம் ஓட்டிய அனுபவம்

சிங்கிள்ஸ்பீடுக்கு, அதாவது ஒரே கியர் உள்ள சைக்கிளுக்கு, புது ஃப்ரேம் வாங்கப் போகிறீர்கள் என்றால் ஸ்லைடிங் ட்ராப்அவுட் (பின் அச்சு உட்காரும் இடமே முன்னும் பின்னும் நகரும் வகை) உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஏற்கெனவே கியர் சைக்கிள் ஒன்று இருக்கிறது, அதைத்தான் சிங்கிள்ஸ்பீடாக மாற்ற வேண்டும் என்றால் செயினை ஸ்பிரிங்கால் அழுத்தி இறுக்கும் ஸ்பிரிங் டென்ஷனரில் தொடங்குங்கள். இந்த இரண்டோடும், நடுவில் எக்சென்ட்ரிக் பாட்டம் பிராக்கெட்டோடும், ட்ராக் எண்டோடும் சர்ரே ஹில்ஸ் மண்ணில் பல குளிர்காலம் ஓட்டிவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

சர்ரே ஹில்ஸ் லண்டனுக்குத் தெற்கே, ரயில் ஏறினால் சட்டென்று போய்விடக்கூடிய தூரம். லீத் ஹில், ஹோம்பரி ஹில், பிட்ச் ஹில் எல்லாமே மணற்கல் மேடுகள். உயரமானது லீத் ஹில், அதுவே 294 மீட்டர்தான். ஏற்றங்கள் நீளம் இல்லை, ஆனால் வெடுக்கென்று நிமிரும். நவம்பர் தொடங்கி மார்ச் வரை ஈர மணல் எல்லா இடத்திலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கியர் மாற்றும் டீரெய்லரின் சின்னச் சக்கரங்கள், கேபிள், பின் பல்சக்கரக் கொத்தான கேசட் எல்லாம் அந்த மணலில் அரைபட்டுப் போவதைப் பார்த்து அலுத்துப்போனவர்கள்தான் இந்தப் பக்கம் குளிர்காலத்துக்கென்று ஒரு சிங்கிள்ஸ்பீடு வைத்திருக்கிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். இப்போது கோடையிலும் அதையேதான் எடுக்கிறேன்.

நம் ஊர் ரோட்ஸ்டர் சைக்கிளில் இந்தக் கேள்வியே எழாது. பின் அச்சு உட்காரும் இடம் நீளவாட்டில் வெட்டிய பள்ளம். செயின் லூசானால் நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னால் இழுத்து, அட்ஜஸ்டரைத் திருகி இறுக்கிவிடலாம். கியர் வைத்த மலைச் சைக்கிளில் ட்ராப்அவுட் செங்குத்தாக இருக்கும். அச்சு ஒரே இடத்தில்தான் உட்காரும், லூசான செயினை டீரெய்லர் இழுத்துக்கொள்ளும். டீரெய்லரைக் கழற்றிவிட்டால் அந்த வேலையை வேறு ஏதாவது செய்தாக வேண்டும்.

எவ்வளவு நகர்த்த வேண்டியிருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது. செயினில் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு 12.7 மில்லிமீட்டர். செயினைக் கூட்டுவதும் குறைப்பதும் ஜோடியாகத்தான், அதாவது 25.4 மில்லிமீட்டர். அதில் பாதி மேல் பக்கம், பாதி கீழ்ப் பக்கம் போவதால் அச்சு சுமார் 12.7 மில்லிமீட்டர் நகர இடம் இருந்தால் எந்தப் பல் எண்ணிக்கைக்கும் சரிசெய்துவிடலாம். அதைவிடக் குறைவான இடம் உள்ள முறை என்றால் ஜோடி இல்லாமல் தனியாகச் சேர்க்கக்கூடிய ஹாஃப் லிங்க் ஒன்று போட வேண்டி வரும். அடுத்தது தேய்மானம். முன்னால் 32, பின்னால் 20 பல் வைத்த என் சைக்கிளில் செயின் 94 லிங்க், ஏறக்குறைய 1,194 மில்லிமீட்டர். அரை சதவீதம் தேய்ந்தால் 6 மில்லிமீட்டர் நீளும், அச்சைச் சுமார் 3 மில்லிமீட்டர் பின்னால் தள்ள வேண்டும். செங்குத்து ட்ராப்அவுட்டிலேயே செயின் கச்சிதமாகப் பொருந்தும் பல் ஜோடியை சிலர் தேடிப் பிடிப்பார்கள், 'மேஜிக் கியர்' என்பார்கள். புதுச் செயினில் அருமையாக ஓடும். மணலில் நாலு வாரம் ஓடினால் மேஜிக் போய்விடும். அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

ஸ்பிரிங் டென்ஷனரின் பலம் அதன் எளிமை. டீரெய்லர் மாட்டும் துளையிலேயே மாட்டிக்கொள்ளும், ஃப்ரேமில் எதையும் தொட வேண்டாம். சர்லி சிங்கிலேட்டர் போன்றவற்றில் செயினை மேலே தள்ளவும் கீழே தள்ளவும் இரண்டு விதமாகவும் வைக்கலாம். மேலே தள்ளும் விதத்தையே வையுங்கள். கீழ்ப்பக்கச் செயின் மேலே உயரும்போது பின் பல்சக்கரத்தைக் கூடுதலாகச் சுற்றிக்கொள்ளும், அதிகப் பற்கள் பிடிக்கும். கீழே தள்ளினால் குறைவான பற்களே பிடிக்கும், சரிவில் எழுந்து நின்று மிதிக்கும்போது 'டக்'கென்று ஒரு பல் தாண்டும். முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தால் அந்த வலி லேசில் போகாது. காசு செலவழிக்க விருப்பம் இல்லை என்றால் பழைய டீரெய்லர் ஒன்றையே லிமிட் ஸ்க்ரூவை வைத்து நேர்க்கோட்டில் நிறுத்திப் பயன்படுத்தலாம். சிங்கிள்ஸ்பீடு நமக்கு ஒத்துவருகிறதா என்று தெரிந்துகொள்ள அது போதும்.

ஒரு குளிர்காலத்துக்கு மேல் அதோடு ஓட்டினால் குறையும் தெரிந்துவிடும். அந்தச் சின்னச் சக்கரத்தின் புஷ்ஷிங்கில் மணல் புகுந்து கீச்சிடும், ஸ்பிரிங் தளரும், குச்சி மாட்டினால் வளையும். டீரெய்லரில் எதெல்லாம் தொந்தரவோ அதில் பாதி இங்கேயும் இருக்கிறது.

அடுத்து எக்சென்ட்ரிக் பாட்டம் பிராக்கெட். மெக்கானிக்காகப் பார்த்தால் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பெடல் கைகளான க்ராங்க்குகள் சுழலும் அச்சு ஓர் உருளைக்குள் மையம் விலகி உட்கார்ந்திருக்கும், உருளையைத் திருப்பினால் அச்சு முன்னேயோ பின்னேயோ போகும். இருவர் ஓட்டும் டாண்டம் சைக்கிள்களில் முன் பெடலையும் பின் பெடலையும் இணைக்கும் செயினை இப்படித்தான் பல காலமாக இறுக்குகிறார்கள். பின் சக்கரம் செங்குத்து ட்ராப்அவுட்டிலேயே இருப்பதால் பஞ்சரானால் கழற்றி மாட்டுவது சுலபம், டிஸ்க் பிரேக் ஒரு மயிரிழையும் நகராது. நைனர் ஃப்ரேம்களில் பயோசென்ட்ரிக் என்று வந்தது இந்த வகைதான். உங்கள் கியர் ஃப்ரேமில் பாட்டம் பிராக்கெட் உட்காரும் குழாய், அதாவது ஷெல், பிஎஃப்30 அளவில் இருந்தால் அதன் உள்விட்டம் 46 மில்லிமீட்டர். 24 மில்லிமீட்டர் க்ராங்க் அச்சுக்கு மையம் விலக்கிய பாட்டம் பிராக்கெட் மாட்ட அதில் இடம் இருக்கிறது. தனியாகவே கிடைக்கிறது. நகரும் தூரம் குறைவு, ஹாஃப் லிங்க்கைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

உருளையை எது பிடித்து நிறுத்துகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. என் இரும்பு ஃப்ரேமில் கீழிருந்து இரண்டு செட் ஸ்க்ரூ உருளையை அழுத்திப் பிடிக்கும். அலுமினிய உருளையில் ஸ்க்ரூ முனை பதிந்து சின்னக் குழி விழும். அப்புறம் செயின் கொஞ்சம் லூசாகும்போது இரண்டு டிகிரி திருப்பி இறுக்கினால், ஸ்க்ரூ பழைய குழிக்குள்ளேயே வழுக்கி உட்கார்ந்து உருளையை முன்பிருந்த இடத்துக்கே திருப்பிவிடும். இதற்கு இரண்டு வழி உண்டு. உருளையை ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் தள்ளிப் புது இடத்தில் அழுத்தலாம். இல்லையென்றால் மறுபக்கம் சுற்றி, அச்சு மேலே இருந்ததைக் கீழே வருகிற மாதிரி வைக்கலாம், செயின் இறுக்கம் அதே அளவுதான் வரும். கீழே வைத்தால் பெடல் வேரிலும் கல்லிலும் இடிக்க வாய்ப்பு கூடும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிளவு வைத்து வெளியிலிருந்து போல்ட்டால் இறுக்கும் வகையில் இந்தக் குழிப் பிரச்சினை கிடையாது.

ஆனால் கிறீச் சத்தம் எல்லா வகைக்கும் பொது. உருளைக்கும் ஷெல்லுக்கும் நடுவில் ஈர மணல் போய்விட்டால், ஒவ்வொரு மிதிக்கும் ஒரு முனகல். கழற்றி, துடைத்து, கிரீஸ் பூசி மாட்டினால் அமைதியாகும். அடுத்த பெருமழை வரை. காய்ந்த மண் உள்ள ஊரில் இருந்திருந்தால் நான் எக்சென்ட்ரிக்கோடேயே நின்றிருப்பேன்.

ட்ராக் எண்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரோட்ஸ்டர் முறையேதான், பள்ளம் பின்பக்கம் திறந்திருக்கும், சர்லி ஒன் பை ஒன் மாதிரி. விலை குறைவு, உடைய எதுவும் இல்லை. 75 கிலோ எடையுள்ளவர் 175 மில்லிமீட்டர் க்ராங்க்கில் எழுந்து நின்றால், 32 பல் முன்சக்கரத்தில் செயின் மேல் விழும் இழுப்பு சுமார் 200 கிலோ. அது முழுவதும் அச்சின் வலது பக்கத்தைத்தான் முன்னால் இழுக்கும். நெம்புகோலால் இறுக்கும் சாதாரண குவிக் ரிலீஸ் அதற்குத் தாங்காது, சக்கரம் கோணி டயர் ஃப்ரேமில் உரசும். வலது பக்கம் அச்சைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் செயின் டக் ஒன்று போட்டு, நட் வைத்த அச்சும் போட்டால் நகராது. ஆனால் டிஸ்க் பிரேக் வைத்தால் சிக்கல். அச்சை நகர்த்தும்போதெல்லாம் டிஸ்க்கைக் கவ்வும் கேலிப்பரையும் நகர்த்த வேண்டும், சக்கரத்தைக் கழற்றும்போது டிஸ்க் கேலிப்பருக்குள்ளிருந்து பின்பக்கமாக வர வேண்டும். குளிரில் விரல் மரத்துப் போயிருக்கும்போது இதைச் செய்யவே கூடாது. ரிம் பிரேக் ஃப்ரேம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது நல்ல தேர்வு.

இப்போது ஓட்டுவது ஸ்லைடிங் ட்ராப்அவுட். அச்சும் கேலிப்பரும் ஒரே தகட்டில் மாட்டியிருக்கும், அந்தத் தகடு ஃப்ரேமில் முன்னும் பின்னும் நகரும். அதனால் செயினை எவ்வளவு நகர்த்தினாலும் பிரேக் தன் இடத்திலேயே இருக்கும், சக்கரமும் நேராகக் கீழே இறங்கும். பாரகன் மெஷின் ஒர்க்ஸ் செய்யும் ஸ்லைடர்களைக் கைவினை ஃப்ரேம்களில் நிறையப் பார்க்கலாம். கோனா யூனிட்டில் இதே முறைதான். சால்சாவின் ஆல்டர்னேட்டர் நேர்க்கோட்டில் நகராமல் ஒரு அச்சைச் சுற்றித் திரும்பும், ட்ரெக் தன் ஸ்ட்ராங்கிள்ஹோல்டில் வேறு விதமாகச் செய்தது. ஹப்பின் வழியே நுழைத்துத் திருகும் 12 மில்லிமீட்டர் த்ரூ ஆக்சில் எல்லாவற்றிலும் கிடைக்காது, உங்கள் சக்கரத்தின் ஹப் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

செயினை இறுக்க எனக்கு இப்போது ஒரே ஆலன் கீ போதும். இரண்டு பக்கமும் உள்ள போல்ட்டுகளைக் கால் சுற்றுத் தளர்த்தி, பின்னாலுள்ள சின்னத் திருகுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருக வேண்டும். ஒரு பக்கம் கூடுதலாகப் போனால் சக்கரம் சாய்ந்து டிஸ்க் உரச ஆரம்பிக்கும், அந்த 'சிங் சிங்' சத்தமே சொல்லிவிடும். தகட்டின் ஓரத்தில் ஃப்ரேமில் மெல்லிய பெயிண்ட் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறேன், ஓட்டிவிட்டு வந்து கழுவும்போது கோடு நகர்ந்திருக்கிறதா என்று ஒரு பார்வை போதும். போல்ட்டுகளுக்கு அவை தளராமல் பிடிக்கும் நீலநிறப் பசையான த்ரெட்லாக் போட்ட பிறகு நகரவே இல்லை. தகட்டுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் மணல் சேர்ந்து முனகுவது இங்கேயும் உண்டு, ஆனால் சக்கரத்தைக் கழற்றினால் கைக்கு எட்டும் இடம், பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். க்ராங்க்கைக் கழற்ற வேண்டிய எக்சென்ட்ரிக்கோடு இதை ஒப்பிடவே முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இங்கே நின்றுவிட்டேன்.

எடை கொஞ்சம் கூடுதல். பிரேக் ஹோஸைக் கொஞ்சம் தளர்வாக விட்டு வெட்ட வேண்டும், முழுசாக இழுத்து வெட்டிவிட்டால் தகட்டைப் பின்னால் தள்ள முடியாது.

எந்த முறையாக இருந்தாலும் செயினை வீணைக் கம்பி மாதிரி முறுக்காதீர்கள். முன் பல்சக்கரம் முழு வட்டமாக இருப்பது அபூர்வம். பெடலை மெதுவாகச் சுற்றினால் ஓரிடத்தில் செயின் இறுகும், ஓரிடத்தில் தொய்யும். இறுகும் இடத்தில் நிறுத்தி, கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள், மொத்தம் அரை அங்குலம் ஆடினால் சரி. வித்தியாசம் ரொம்பத் தெரிந்தால் முன் பல்சக்கர போல்ட்டுகளை லேசாகத் தளர்த்தி, இறுகும் இடத்தில் செயினை மெல்லத் தட்டுங்கள், பல்சக்கரம் மையத்துக்கு வந்துவிடும். அளவுக்கு மீறி இறுக்கினால் ஹப் பேரிங்கும் பாட்டம் பிராக்கெட்டும்தான் அடி வாங்கும். முன் பல்சக்கரமும் பின் பல்சக்கரமும் ஒரே நேர்க்கோட்டில் இருப்பதையும் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் விலகினால் பாதகமில்லை, மூன்று விலகினால் எந்த டென்ஷன் முறையும் காப்பாற்றாது.

பழைய ஃப்ரேம் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. ஸ்லைடர் தகடுகள் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் வேறு. பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்த மாடலுக்குத் தகடும் திருகும் இன்னும் கடையில் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டு, கிடைத்தால் உபரியாக ஒரு ஜோடி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எக்சென்ட்ரிக் ஃப்ரேம் என்றால் உருளையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். துருப்பிடித்து வராமல் நின்றால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.