முதல் விஸ்கி வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: பெட்டியில் உள்ள "12" வயது அல்ல

விஸ்கி குடித்தே பழகாத ஒருவர் கடைக்குள் நுழைந்து "முதன்முதலாக வாங்குகிறேன், எது நன்றாக இருக்கும்?" என்று கேட்டால், அந்தக் கேள்வியையே வசதியாக எடுத்துக்கொண்டு, விற்காமல் தேங்கிக் கிடக்கும் சரக்கை அவர் தலையில் கட்டிவிடும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். எனக்கு நேர்ந்ததை எழுதத் தூண்டியது போன பணம்கூட அல்ல. புகார் சொல்லப் போனபோது கிடைத்த பதில்தான்.

நான் கேட்டது தெளிவானது. தொண்டையை அதிகம் எரிக்காத, புகை மணம் இல்லாத ஒரு சிங்கிள் மால்ட் ஸ்காட்ச் (ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியான மால்ட்டிலிருந்து மட்டும் வடித்த ஸ்காட்லாந்து விஸ்கி) வேண்டும் என்றேன். விற்பனையாளர் கொஞ்சமும் யோசிக்காமல், கண்ணுக்கு நேராக இருந்த தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து நீட்டினார். அதில் ஒரு கோட்டையின் படம், கட்டம் போட்ட நாடா, நடுவில் தங்க நிறத்தில் பெரிதாக "12", போதாததற்கு இலவசமாக இரண்டு கண்ணாடிக் கோப்பைகள். தட்டில் ஒட்டியிருந்த அட்டையில் கடைக்காரர்களே பேனாவால் "12 ஆண்டு ஸ்காட்ச்" என்று எழுதி வைத்திருந்தார்கள். "நிறத்தைப் பாருங்கள் சார், இவ்வளவு அடர்த்தியாக இருந்தால் அத்தனை வருடம் பீப்பாயில் ஊறியிருக்கிறது என்று அர்த்தம்" என்று அவர் விளக்கமும் கொடுத்தார்.

வீட்டில் திறந்து ஊற்றியதும் முதலில் எழுந்தது, கேக்கில் சேர்க்கும் வெனிலா எசன்ஸின் வாசனை. அதற்கடியில் மூக்கைக் குத்தும் வெறும் ஆல்கஹால் நெடி. சில துளி தண்ணீர் விட்டால் நல்ல விஸ்கியின் மணம் விரியும் என்பார்கள். இதில் தண்ணீர் விட்டதும் இருந்த வாசனையும் கலைந்துபோய், நாக்கில் பிசுபிசுவென்று ஓர் இனிப்பு மட்டும் ஒட்டிக்கொண்டது. சந்தேகப்பட்டுப் பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. பொடி எழுத்தில் "ஸ்பிரிட் பானம்" என்று போட்டு, தானிய ஸ்பிரிட், சிறிதளவு மால்ட் விஸ்கி, கேரமல் நிறமி, மணமூட்டி, ஆல்கஹால் 35 விழுக்காடு என்று அச்சிட்டிருந்தார்கள். "ஸ்காட்ச்" என்ற சொல் அந்தப் பாட்டிலில் எங்குமே இல்லை. "12"-க்குப் பக்கத்தில் "ஆண்டு" என்ற சொல்லும் இல்லை.

ஸ்காட்ச் என்ற பெயரில் ஒன்றை விற்க வேண்டுமானால், அது ஸ்காட்லாந்தில் வடிக்கப்பட்டு, அங்கேயே ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு ஊறியிருக்க வேண்டும். பாட்டிலில் ஆல்கஹால் 40 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. தண்ணீரையும் நிறத்துக்காகச் சேர்க்கும் சாதாரண கேரமலையும் தவிர வேறெதையும் கலக்கக் கூடாது. வயது குறிப்பிட்டால், கலவையில் இருப்பவற்றிலேயே இளைய விஸ்கியின் வயதைத்தான் குறிப்பிட வேண்டும். வயதோ என்று வாங்குகிறவர் மயங்கும்படி வெறும் எண்ணைப் போடுவதையும் பிரிட்டனின் 2009-ஆம் ஆண்டு ஸ்காட்ச் விஸ்கி ஒழுங்குமுறை விதிகள் தடுக்கின்றன. என் கைக்கு வந்த பாட்டில் தன்னை ஸ்காட்ச் என்று சொல்லிக்கொள்ளாததால்தான், அந்த "12"-ஐ அவ்வளவு பெரிதாகப் போட முடிந்திருக்கிறது. தயாரித்தவர் சொல்லாமல் விட்ட அந்தப் பொய்யை, அட்டையில் எழுதி நிறைவு செய்தது கடை.

நிறத்தைப் பற்றிச் சொன்னதும் அப்படித்தான். ஸ்காட்ச்சிலேயே கேரமல் சேர்க்க அனுமதி உண்டு என்னும்போது, அடர்ந்த நிறம் எப்படி வயதுக்குச் சான்றாகும்? ஷெர்ரி என்ற ஸ்பெயின் நாட்டு ஒயின் இருந்த பீப்பாயில் ஊறியது சீக்கிரமே கருத்துவிடும். பலமுறை பயன்படுத்திய பீப்பாயில் பல ஆண்டுகள் கிடந்ததும் வைக்கோல் நிறத்திலேயே இருக்கக்கூடும். நிறமி சேர்க்க அனுமதியே இல்லாத அமெரிக்க போர்பன் விஸ்கிக்குக்கூட அந்தச் செந்நிறம், உட்புறம் கருக்கப்பட்ட புதிய ஓக் பீப்பாயிலிருந்துதான் வருகிறது.

பாட்டிலோடு திரும்பிப் போய் லேபிளைக் காட்டியதற்கு, "முதல் தடவை எல்லோருக்கும் இப்படித்தான் சார் இருக்கும், போகப் போக நாக்கு பழகிவிடும்" என்றார் அதே விற்பனையாளர். நான் சுவையைப் பற்றிப் பேசவே இல்லை. லேபிளில் இருப்பதும் அட்டையில் இருப்பதும் வேறு என்றுதான் சொன்னேன். புதியவர் என்று தெரிந்துவிட்டால் சரக்கின் குறையை வாங்கியவரின் நாக்கின் மீது சுமத்திவிடலாம் என்ற இந்தத் துணிச்சல்தான் என்னை மிகவும் கோபப்படுத்தியது. மூடி இன்னும் ஆறு மாதம் வைத்திருந்தால் "முதிர்ந்து மென்மையாகிவிடும்" என்றும் ஒரு யோசனை சொன்னார். விஸ்கி முதிர்வது பீப்பாயில் மட்டுமே. பாட்டிலில் அடைத்த 12 ஆண்டு விஸ்கி, பத்து வருடம் கழித்துத் திறந்தாலும் 12 ஆண்டு விஸ்கிதான்.

ஒழுங்கான கடைக்காரராக இருந்திருந்தால், என் கேள்விக்குப் பதில் சொல்வது கடினமே அல்ல. புகை வேண்டாம் என்றால் லஃப்ரோய்க், ஆர்ட்பெக், லகாவுலின் போன்ற, புகை மணத்துக்குப் பேர்போன ஸ்காட்லாந்தின் ஐலா தீவுப் பெயர்களை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டு, கிளென்லிவெட் 12, கிளென்ஃபிடிக் 12 ஆகியவற்றையோ, மும்முறை வடிக்கும் ஆகன்டோஷனையோ காட்டியிருக்கலாம். சிங்கிள் மால்ட்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவருக்கு ஜேம்சன் என்ற அயர்லாந்து விஸ்கி போதும். எல்லாவற்றையும்விட, 50 மில்லி குட்டிப் பாட்டில்கள் அதே கடையில் கல்லாவுக்குப் பக்கத்திலேயே அடுக்கியிருந்தன. அவற்றில் இரண்டு மூன்றை வாங்கிச் சுவைத்துவிட்டு வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் அந்தக் கடைக்கே நிரந்தர வாடிக்கையாளராகியிருப்பேன். வயது குறிப்பிடாத பாட்டில் எல்லாம் மட்டம் என்றும் யாரும் நினைத்துவிட வேண்டாம். அவற்றிலும் நல்லவை பல உண்டு.

திறந்த பாட்டிலைத் திரும்பப் பெறுவதில்லை என்பது அவர்களின் இறுதிப் பதில். நல்ல வேளையாக, தட்டில் இருந்த அட்டையை அப்போதே கைப்பேசியில் படம் எடுத்திருந்தேன். அந்தப் படத்தையும் ரசீதையும் பின்பக்க லேபிளின் படத்தையும் சேர்த்து, நுகர்வோர் புகாராக எழுத்தில் அனுப்பியிருக்கிறேன். நீங்களும் பணம் கொடுப்பதற்கு முன் பாட்டிலைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கச் சொல்லிப் பின்பக்கத்தைப் படியுங்கள். எடுக்க மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள்.