கோள ஆள்கூறுகளைச் சுழற்றுதல்: சூத்திரமா, தாயமா, நூலகமா?

வங்காள விரிகுடாவில் நகரும் ஒரு சூறாவளியின் அகலக்கோட்டு, நெடுங்கோட்டுத் தரவுகளைக் கொழும்பிலிருந்தான தூரமாகவும் திசையாகவும் மாற்ற வேண்டுமெனில், கொழும்பே (வடக்கு 6.93, கிழக்கு 79.86 பாகை) முனையாகும்படி, அதாவது துருவமாகும்படி, கோளத்தைச் சுழற்றுவது நேரான வழியாகும். தூரத்தாலும் கோணத்தாலும் இடம் குறிக்கும் தள முனைவாள்கூறுகளில் கோணத்தோடு ஒரு மாறிலியைக் கூட்டினால் வேலை முடிந்துவிடும். கோளத்திலோ அந்தச் சலுகை முனை அச்சைச் சுற்றிய சுழற்சிக்கு மட்டுமே உண்டு. மற்றவற்றுக்குப் பைதன் நிரல்மொழியில் மூன்று வழிகள் போட்டியிடுகின்றன: சூத்திரம், தாயம் (எண்களின் செவ்வக அடுக்கு, அணி), ஆயத்த நூலகம்.

கோளத் திரிகோணகணிதச் சூத்திரத்தை நேரடியாக எழுதுவது ஓரிரு புள்ளிகளுக்குப் போதுமானது. ஆனால் தூரக் கோணத்தை நேர்மாறு கோசைனால் பெறும்போது, சிறு கோணங்களின் கோசைன் 1ஐ நெருங்குவதால் துல்லியம் கரைந்துபோகிறது. 32 பிட் எண்களில் சேமித்த தரவாயின், கொழும்பிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை கிலோமீற்றருக்குள் உள்ள எந்த இடமும் கொழும்பாகவே கணக்கிடப்படும். 64 பிட்டில் இக்குறை கண்ணுக்குத் தெரியாது. எனினும் இரு கூறுகளிலிருந்து கோணத்தைத் தரும் ஆர்க்டான்2 சார்பைப் பயன்படுத்துவதே முறை.

தாய வழியில் புள்ளிகளை அலகுக் காவிகளாக்கி (நீளம் 1 ஆன திசையன்களாக்கி), முதலில் இசட் அச்சைச் சுற்றி −79.86 பாகையும், பின்னர் வை அச்சைச் சுற்றி −83.07 பாகையும் திருப்ப வேண்டும். இரு தாயங்களையும் ஒருமுறை பெருக்கி வைத்துக்கொண்டால், இலட்சக்கணக்கான புள்ளிகளையும் பைதனின் எண்கணிப்பு நூலகமான நம்பை ஒரே பெருக்கலில் திருப்பிவிடும். பெருக்கும் வரிசை மாறினால் விடை தவறாகும், ஆனால் பிழைச்செய்தி எதுவும் வராது. கொழும்பு முனைக்கு வந்ததா என்று மட்டும் பார்ப்பதும் போதாது. முனையில் நிற்கும் புள்ளிக்குத் திசையே இல்லை. திருகோணமலையைச் (8.57, 81.23) சோதித்தால், முனையிலிருந்து சுமார் 2.1 பாகை, அதாவது 236 கிலோமீற்றர் அளவில் கிடைக்க வேண்டும். புதிய நெடுங்கோட்டை 180இலிருந்து கழித்தால் வரும் திசைகோள் (வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளக்கும் கோணம்) ஏறத்தாழ 40 பாகையாக இருக்க வேண்டும்.

சைபை என்னும் அறிவியல் கணிப்பு நூலகத்தின் ரொட்டேஷன் வகுப்பு இதே வேலையைச் சில வரிகளில் முடிப்பதால், பல சுழற்சிகளை அடுக்க வேண்டியவர்களுக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். ஆனால் அச்சுப் பெயர்களைச் சிற்றெழுத்தில் கொடுத்தால் நிலையான அச்சுகளும், பேரெழுத்தில் கொடுத்தால் பொருளோடு திரும்பும் அச்சுகளும் கொள்ளப்படும். ஓர் எழுத்தின் வடிவத்தில் இவ்வளவு பொறுப்பை ஏற்றியிருக்க வேண்டியதில்லை. சுழற்சியை நான்கு எண்களால் குறிக்கும், 1843இல் கணிதவியலாளர் ஹமில்டன் கண்ட குவாட்டர்னியனை சைபை இயல்பாக மெய்யெண் பகுதி (ஸ்கேலார்) கடைசியில் வருமாறு தருவதால், அப்பகுதியை முதலில் வைக்கும் பிற நூலகங்களோடு கலக்கும்போதும் கவனம் தேவை.

சீரான இடைவெளிப் புள்ளிகளில் அமைந்த கட்டத் தரவுக்கு மூன்றுமே அரைவாசி விடைதான். புதிய கட்டத்தின் ஒவ்வொரு புள்ளியையும் எதிர்ச்சுழற்சியால் பழைய இடத்துக்குக் கொண்டுபோய், அங்கே அருகிலுள்ள மதிப்புகளிலிருந்து இடைக்கணிக்காவிட்டால் இடையிடையே வெற்றிடங்கள் விழும். நேர்கோட்டு இடைக்கணிப்போ மழை உச்சங்களை மழுக்கும். இலங்கையின் வட எல்லையிலும் கட்டத்தின் கிழக்கு மேற்கு அகலம் நடுக்கோட்டினதைவிட ஏறக்குறைய 1.5 சதவீதமே குறைவதால், தீவுக்கு மட்டுமான ஆய்வில் முனையைத் திருப்பிய கட்டம் வீண் செலவு என்பதே என் கருத்து. அப்படியும் திருப்புவோர், காற்றின் கிழக்கு, வடக்குக் கூறுகளையும் ஒவ்வொரு புள்ளியிலும் தனித்தனிக் கோணத்தால் திருப்ப வேண்டும். இடத்தை மட்டும் மாற்றினால் காற்று பழைய வடக்கையே வடக்காகக் கொண்டு வீசும்.