மர வள்ளத்துக்குக் கலப்பத்து: பாம்பன் பக்கத்து ஓடாவி பட்டறை

என் வள்ளம் 28 அடி, அயினிப் பலகை. அப்பா வாங்கியது. பத்து வயதில் அதன் அடிமரமான ஏராவுக்குக் கீழே படுத்துக்கொண்டு சுறா எண்ணெய் பூசியிருக்கிறேன். இப்போது எனக்கு 54 வயது. எங்கள் கரையில் நிறையப் பேர் ஃபைபருக்கு மாறிவிட்டார்கள். எனக்கு மனசு வரவில்லை. மரப் படகில்தான் அலை ஏறி இறங்குவது உள்ளங்காலில் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் வேறோர் ஊரில் கலப்பத்து வேலைக்கு, அதாவது பலகை இடுக்குகளில் பஞ்சை அடைத்து ஒழுகாமல் செய்வதற்கு, விட்டு ஏமாந்தேன். பழைய பஞ்சை எடுக்காமலே மேலே பட்டியை அப்பி, பெயிண்ட் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். பார்க்கப் புதுப் படகு மாதிரி இருந்தது. போன வாடையில், அதாவது வடகிழக்குக் காற்றுக் காலத்தில், படகின் முன்பகுதியான அணியத்துப் பக்கம் ஒழுகத் தொடங்கியது. ராத்திரி முழுக்கத் தண்ணீர் இறைத்துக்கொண்டேதான் கரை சேர்ந்தோம்.

அப்புறம்தான் பாம்பன் பக்கம் கீற்றுக் கொட்டகை போட்டு வேலை பார்க்கும் இந்த ஓடாவியிடம், அதாவது படகுத் தச்சரிடம், போனேன். அறுபதைத் தாண்டியவர். கூலி எவ்வளவு என்று கேட்டேன். பதில் சொல்லாமல் கொட்டாப்புளி என்ற மரச் சுத்தியலை எடுத்துக்கொண்டு, பலகை பலகையாகத் தட்டிக்கொண்டே படகைச் சுற்றி வந்தார். நல்ல மரம் ‘டங்’கென்றது, ஊறிய மரம் ‘பொத்’தென்றது. ‘பொத்’தென்ற இடத்திலெல்லாம் சாக்பீஸ் கோடு. ஒரு பலகை மாற்றத்தான் போனேன். கடைசியில் மூன்று பலகை, பலகையை உள்ளிருந்து தாங்கும் வங்குச் சட்டம் இரண்டு.

“தம்பி, இதை மூடி வச்சா அடுத்த வாடையில நீதான் இறைக்கணும்” என்றார். சரி அண்ணே, செய்யுங்கள் என்றேன்.

கலப்பத்து அடிக்கும்போது நான் நாள் முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். முதலில் பொருத்துகளில் இருந்த பழைய பஞ்சை மிச்சமில்லாமல் சுரண்டி எடுத்தார். புதுப் பஞ்சை விரலால் திரித்து, மொட்டை உளியை வைத்து உள்ளே இறக்கினார். ஒரே அழுத்தம். கூடுதலாக இறுக்கினால் பலகை ஊதும்போது ஆணியை நெட்டிவிடும், தளர விட்டால் பஞ்சு வெளியே வந்துவிடும். மேலே, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியம். அந்த வாசனை வந்ததும் அப்பா பக்கத்தில் நிற்பது போல இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கரையில் கிடக்கும் மரப் படகு வெயிலில் காய்ந்தால் பொருத்துகள் வாய் பிளந்துவிடும். இவர் காலையும் மாலையும் சாக்கை நனைத்துப் பலகை மேல் போடச் சொல்லி, கூட வேலை பார்க்கும் பையனை ஒரு நாள்கூட விடவில்லை. வேலை முடிந்ததும் படகுக்குள்ளேயே தண்ணீரை நிரப்பி, வெளியே எங்காவது கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். இரண்டு இடத்தில் ஈரம். அந்த இரண்டையும் பிரித்து மறுபடி அடித்தார், அதற்குத் தனிக் கூலி கேட்கவில்லை.

குறை உண்டு. பத்து நாள் என்றார், 19 நாள் ஆனது. அத்தனை நாளும் எனக்குக் கடல் இல்லை. கணக்கையும் எழுதித் தரமாட்டார், நான்தான் நோட்டில் குறித்துக்கொண்டேன். அவருக்கு நாளைக்கு 1,300, பையனுக்கு 900. மரம், ஆணி, பஞ்சு எல்லாம் சேர்த்து எழுபதாயிரத்தைத் தாண்டியது. எனக்கு அது பெரிய தொகை, ஆனாலும் மறுபடி இவரிடம்தான் போவேன்.

வாடை தொடங்கியதும் பாம்பன் பாலத்துக்கு அடியில் ஓட்டி, வடகடலிலிருந்து (பாக் விரிகுடா) தென்கடலுக்கு (மன்னார் வளைகுடா) கொண்டு போனேன். முதல் இரண்டு நாள் கொஞ்சம் கசிந்தது. மரம் ஊறி ஊதியதும் அதுவும் நின்றுவிட்டது.

போக நினைப்பவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை போகாதீர்கள். அந்த மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் கரையேறிவிடும், ஓடாவிகளுக்கு மூச்சு விட நேரமிருக்காது. எஞ்சினைக் கழற்றிவிட்டு, உள்ளே இருக்கும் மணலையும் செதிலையும் நீங்களே கழுவிக் கொண்டு போங்கள். இல்லையென்றால் முதல் நாள் கூலி அதற்கே போய்விடும்.