டொட் எல்கேயா, டொட் கொம்மா?

திருகோணமலை மத்திய வீதியில் ஹாட்வெயார் கடை நடத்துபவருக்கும் நிலாவெளிக் கடற்கரையில் விடுதி நடத்துபவருக்கும் ஒரே வகையான இணைய முகவரி பொருந்தாது. டொட் எல்கே இலங்கைக்குரிய நாட்டுக் குறியீடு ஆதலால், அத்தளம் இந்நாட்டவருக்கானது என்பதற்கான வலுவான அடையாளமாகக் கூகுள் அதனைக் கொள்கிறது; சீமெந்தும் கம்பியும் விற்பவருக்கு வேறென்ன வேண்டும்? டொட் கொம் எந்த நாட்டையும் சாராதது என்பதால், புறாத்தீவைப் பார்க்க வரும் வெளிநாட்டவரை நம்பியிருக்கும் விடுதிக்கு அதுவே ஏற்றது என்பேன்.

எதைத் தெரிவுசெய்தாலும், ‘திருகோணமலை மலிவு விடுதி’ என்று தேடுசொற்களையே பெயராக அடுக்குவதில் பயனில்லை. பெயர் மட்டும் பொருந்தி உள்ளடக்கம் தரமற்றிருக்கும் தளங்களைப் பின்தள்ளும் மாற்றத்தைக் கூகுள் 2012 செப்டெம்பரிலேயே கொண்டுவந்துவிட்டது.

பக்க முகவரியைத் தமிழில் எழுதுவது தேடலுக்குத் தடையல்ல. ஆனால் ‘நிலாவெளி’ என்ற ஒரு சொல்லை முகவரிப் பட்டையிலிருந்து பிரதிசெய்து வட்சப்பில் ஒட்டினால், அது பெரும்பாலும் சதவீதக் குறிகள் நிறைந்த 72 குறிகளாக நீண்டுவிடும்; பார்ப்பவர் அதனை மோசடி இணைப்பென்றே எண்ணக்கூடும்.

ஏற்கெனவே டொட் எல்கேயில் சில ஆண்டுகள் இயங்கிய விடுதி டொட் கொம்முக்கு மாற விரும்பினால், பழைய பக்கம் ஒவ்வொன்றையும் அதற்குரிய புதிய பக்கத்துக்கு பழைய முகவரிக்கு வருபவரைத் தானாகவே புதியதற்கு அனுப்பும் 301 என்னும் நிரந்தரத் திசைமாற்றத்தால் இணைக்க வேண்டும்.