காரைக்குடியிலிருந்து காசி வரை பேன்ட்ரி சாப்பாடு: எது மாறியது, எதை நம்பி வாங்கலாம்

ரயிலில் 80 ரூபாய்க்கு விற்கும் சைவச் சாப்பாட்டில் சோறு 150 கிராம் இருக்க வேண்டும் என்பது விதி. அதோடு கெட்டியான பருப்போ சாம்பாரோ 150 கிராம், காய் 100 கிராம், இரண்டு பராத்தா அல்லது நான்கு சப்பாத்தி 100 கிராம், தயிர் 80 கிராம், ஊறுகாய் பாக்கெட் 12 கிராம். நம் வீட்டு அளவில் சொன்னால், 150 கிராம் சோறு வடிக்க அரை ஆழாக்கு அரிசிகூட வேண்டாம். சப்பாத்தியையும் சேர்த்துக் கணக்குப் போட்ட சாப்பாடு இது. சப்பாத்தியை ஒதுக்கிவிட்டுச் சோற்றை மட்டும் சாப்பிடுகிறவருக்குப் பாதி வயிறுதான் நிறையும். காரைக்குடிப் பக்கத்திலிருந்து போகும் பெரியவர்கள் "ரயில் சாப்பாடு பத்தாது" என்று சொல்வதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

செட்டிநாட்டிலிருந்து கிளம்பும் எல்லாப் பயணத்துக்கும் பேன்ட்ரி (வண்டியிலேயே இருக்கும் சமையல் பெட்டி) தேவைப்படாது. சேது, ராமேஸ்வரம் விரைவு வண்டி, சிலம்பு எல்லாம் இரவு வண்டிகள். வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஏறிப் படுத்துவிடலாம். பல்லவன் பகல் வண்டி என்றாலும் ஒரு காபி, ஒரு செட் வடையில் சென்னை வந்துவிடும். பேன்ட்ரி உணவை நம்பவேண்டிய நிலை ராமேஸ்வரம்–பனாரஸ், ராமேஸ்வரம்–புவனேஸ்வர் போன்ற வண்டிகளில்தான் வரும். காரைக்குடியில் ஏறி, சென்னையைத் தாண்டி, விஜயவாடா, நாக்பூர், இடார்சி, ஜபல்பூர் என்று காசிக்குப் போகிறவர் ஐந்தாறு வேளை ரயிலிலேயே சாப்பிட்டாக வேண்டும். இந்தப் பகிர்வு அந்த ஐந்தாறு வேளையைப் பற்றியது.

முதலில் விலை. 2019 கடைசி வரை மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளில் சைவச் சாப்பாடு 50 ரூபாய். அந்த ஆண்டுத் திருத்தத்தில் அது 80 ஆனது. முட்டைக் குழம்போடு 90, கோழிக் குழம்போடு 130. பிரியாணி தனி வகையாக வந்தது: காய்கறி 80, முட்டை 90, கோழி 110. காலை உணவு சைவம் 40, அசைவம் 50. சாதாரண டீ 150 மில்லி 5 ரூபாய். டீ பேக் போட்டதும் இன்ஸ்டன்ட் காபியும் 10. ரயில் நிலையக் கடையில் இதே சாப்பாடு 70, பிரியாணியிலும் பத்து ரூபாய் குறைவு. ரயில்வேயின் குடிநீர் பாட்டிலான ரயில் நீர் லிட்டர் 15 ஆக இருந்து 2025 செப்டம்பர் 22 முதல் 14 ஆகக் குறைந்தது. அதற்கு மேல் யார் கேட்டாலும் கொடுக்க வேண்டியதில்லை.

அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் ஏறியபின்னும் 80 ரூபாய் 80 ஆகவே நின்றது. அதன் விளைவு தட்டில் தெரிகிறது. பருப்பு தண்ணீராகிறது, காயில் உருளைக்கிழங்கு கூடுகிறது, தயிர் கப் சிறுக்கிறது. இல்லையென்றால் "ஸ்பெஷல் மீல்ஸ்" என்று புதுப்பெயர் சூட்டி 120, 150 கேட்கிறார்கள். விதிப்படியான சாப்பாடு வேண்டுமானால் "ஸ்டாண்டர்டு மீல்ஸ், எண்பது ரூபாய்" என்று விலையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வெறுமனே "சாப்பாடு ஒன்று" என்றால் விலை கூடியதுதான் வந்து சேரும்.

பட்டியலில் பெரிய மாற்றம் 2022 நவம்பரில் வந்தது. வட்டார உணவு, நீரிழிவுக்காரர்களுக்கான உணவு, குழந்தை உணவு, சிறுதானியம் எல்லாவற்றையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ள, ரயில் உணவைக் கவனிக்கும் நிறுவனமான ஐஆர்சிடிசிக்கு ரயில்வே வாரியம் அனுமதி கொடுத்தது. ராஜதானி, சதாப்தி, வந்தே பாரத் மாதிரி, டிக்கெட்டோடு உணவுக்கும் பணம் கட்டும் வண்டிகளில் இதன் பலன் கண்ணுக்குத் தெரிகிறது. முன்பதிவிலேயே நீரிழிவு உணவு என்று தேர்ந்தெடுக்கலாம். நம் ஊர் வழியாகப் போகும் எக்ஸ்பிரஸ் வண்டிகளில் சிறுதானியப் பொங்கலையோ கேழ்வரகு தோசையையோ எதிர்பார்த்து ஏற வேண்டாம். அங்கே தட்டுக்கு வருவது இன்னும் சாம்பார் சாதம், லெமன் சாதம், பிரெட் ஆம்லெட், கட்லெட், பிரியாணிதான்.

பட்டியலைவிட முக்கியமான மாற்றம் ஒன்று அதற்கு முன்பே நடந்துவிட்டது; அதைப் பலர் கவனிப்பதில்லை. 2017 கேட்டரிங் கொள்கை சமைப்பதையும் பரிமாறுவதையும் தனித்தனியாகப் பிரித்தது. சமையல் தரையில் உள்ள பெரிய சமையற்கூடத்தில் (பேஸ் கிச்சன் என்பார்கள்). வண்டியில் ஏற்றுவதும் கொடுப்பதும் வேறு ஆட்கள். அதே ஆண்டு ஜூலையில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை, ரயில் உணவில் சில மனிதர் உண்ணத் தகுந்தவை அல்ல என்றே எழுதியது. அந்த நிலையில் இப்படி ஒரு பிரிவு தேவைதான். பெட்டியும் மாறியது. பழைய ஐசிஎஃப் வகைப் பெட்டியின் பேன்ட்ரியில் கேஸ் அடுப்பு எரிந்தது; புதிய எல்எச்பி வகைப் பெட்டியின் பேன்ட்ரிக்கு மின் அடுப்பு. அதில் டீ, பால், ஆம்லெட் போடலாம், வந்ததைச் சூடாக்கலாம். ஐந்நூறு பேருக்குச் சோறு வடிப்பது அங்கே ஆகிற காரியமில்லை.

இதனால்தான், தட்டில் வரும் உணவின் தரத்தைப் பட்டியலில் உள்ள பெயர் தீர்மானிப்பதில்லை. எந்த ஸ்டேஷனில் ஏற்றினார்கள், ஏற்றி எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதே தீர்மானிக்கிறது. சூடான உணவு 60 டிகிரிக்குக் கீழே இறங்கி மணிக்கணக்கில் இருந்தால் கெடத் தொடங்கும். அலுமினியத் தட்டில் சூடாக மூடியதும் ஆவி மூடியில் முட்டி நீராகி மறுபடி உணவின் மேலேயே சொட்டுகிறது. அதில்தான் சப்பாத்தி தோல் போல ஆகிறது, சோற்றின் மேற்பகுதி நசநசக்கிறது, அடிப்பகுதி காய்கிறது. இட்லி பல மணி நேரம் தாங்கும். தேங்காய்ச் சட்னி வெயில் காலத்தில் நாலு மணி நேரம்கூட நிற்காது. காலை உணவுப் பொட்டலத்தில் முதலில் முகர்ந்து பார்க்க வேண்டியது சட்னியைத்தான்; புளிப்பு வாடை வந்தால் அதை மட்டும் ஒதுக்கிவிட்டு இட்லியைச் சாப்பிடலாம், சட்னி இட்லியில் ஊறாமல் இருந்தால்.

ஆகவே ஆர்டர் எடுக்க வருகிறவரிடம் கேட்க வேண்டிய கேள்வி "என்ன இருக்கிறது" என்பதல்ல. "சாப்பாடு எங்கே ஏறும்?" என்று கேட்க வேண்டும். ஏறும் ஸ்டேஷனுக்கும் தட்டு கைக்கு வரும் நேரத்துக்கும் இடையில் இரண்டு மணி நேரத்துக்குள் இருந்தால் முழுச் சாப்பாடு வாங்கலாம். மூன்று மணி நேரத்துக்கு மேல் போனால் பிரியாணிதான் தேவலை. 350 கிராம், ஒரே பாத்திரத்தில் வெந்தது, குழம்பு தனியாக இல்லை. அதிலும் என் தேர்வு முட்டைப் பிரியாணி. நேரம் கடந்த கோழியை இரவில் சாப்பிட்டு அடுத்த நாள் முழுக்க ரயில் கழிவறை வாசலில் நிற்பதைவிட அது எவ்வளவோ மேல். ஆர்டர் எடுக்கும் நேரமும் முக்கியம்: மதியத்துக்குக் காலை ஒன்பது, பத்து மணிக்குள்ளும், இரவுக்கு மாலை நாலு, ஐந்துக்குள்ளும் சொல்லிவிட வேண்டும். கடைசியில் கேட்பவருக்கு மிச்சம் விழுந்ததுதான் வரும்.

"செட்டிநாடு சிக்கன்" என்று ரயிலில் கொடுப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்து ஆட்கள் பெயரைப் பார்த்து ஆசையோடு வாங்கி ஏமாறுகிறார்கள். மொத்தமாகச் செய்து வைத்த வெங்காயத் தக்காளிக் குழம்பில் மிளகுத்தூளையும் கரம் மசாலாவையும் கூட்டி இறக்கியது அது. சோம்பு, கல்பாசி, மராட்டி மொக்கு வறுத்து அரைத்த வாசனை இருக்காது. சோம்பேறித்தனம் மட்டும் காரணமில்லை. நம் முறையில் தேங்காயும் கசகசாவும் அரைத்து ஊற்றுகிறோம். அந்தக் குழம்பு அடுப்பிலிருந்து இறங்கி, மூடிய தட்டில் நாலைந்து மணி நேரம் கிடந்தால் நுரைத்துப் புளித்துவிடும். தேங்காய் இல்லாமல் செய்வது பெருஞ்சமையலில் பாதுகாப்பான வழி. செய்யட்டும், ஆனால் அதற்கு மிளகுக் கோழி என்று பெயர் வைக்கட்டும். ஒரு வட்டாரத்தின் பெயரைப் போட்டு விற்கும்போது அந்த வட்டாரத்துக் கைப்பக்குவத்தில் ஒரு துளியாவது அதில் இருக்க வேண்டும்.

தட்டு கைக்கு வந்ததும் பிரிக்காமல் லேபிளைப் பார்க்க வேண்டும். சமைத்த இடம், பொட்டலம் கட்டிய நாள், நேரம் இருக்கும். பலவற்றில் கியூஆர் குறியீடும் உண்டு. லேபிளே இல்லாத தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பில் இல்லையென்றால் பணம் தர வேண்டியதில்லை என்பது ரயில்வேயே அறிவித்த விதி. கையில் வைத்திருக்கும் கருவியில் அச்சடித்துத் தரச் சொல்ல வேண்டும். கருவி பழுது என்றால், மேனேஜரை வரச் சொல்லிக் கையெழுத்துப் போட்ட பில் வாங்கலாம். பிரச்சினை என்றால் 139க்கு அழைக்கலாம், அல்லது ரயில் மதத் செயலியில் பிஎன்ஆர் (டிக்கெட்டில் உள்ள முன்பதிவு எண்), பெட்டி எண், லேபிள் படம், தட்டின் படம் நான்கையும் சேர்த்துப் பதியலாம். படம் இல்லாத புகார் பெரும்பாலும் "பயணியிடம் பேசித் தீர்த்தோம்" என்று மூடப்பட்டுவிடுகிறது.

பேன்ட்ரி இல்லாத வண்டியிலும், பேன்ட்ரி சரியில்லாத வண்டியிலும் ஈ-கேட்டரிங் (வழியிலுள்ள ஹோட்டலிலிருந்து பெட்டிக்கே உணவு வரவழைப்பது) கைகொடுக்கும். 1323 எண்ணிலோ செயலியிலோ பிஎன்ஆர் கொடுத்தால் வழியில் எந்த ஸ்டேஷனில் எந்த ஹோட்டல் என்று காட்டும். விஜயவாடாவும் நாக்பூரும் வண்டி சற்று நின்று போகும் பெரிய ஸ்டேஷன்கள், தேர்வும் அதிகம். இரண்டு நிமிடம் நிற்கும் ஸ்டேஷனைத் தேர்ந்தெடுத்தால் ஆள் பெட்டியைத் தேடி வருவதற்குள் வண்டி நகர்ந்துவிடும். முன்பணம் கட்டாமல், உணவு கைக்கு வந்தபின் பணம் கொடுக்கும் வகையைத் தேர்வு செய்வது நல்லது. நாக்பூருக்கு மேலே சோற்றைத் தேட வேண்டாம். அந்தப் பக்கத்து ரொட்டியும் பருப்பும் அங்கே கைவந்தவை, சாம்பார் அப்படியில்லை.

முன்பதிவில்லாப் பெட்டியில் போகிறவர்களுக்கு 2023இல் வந்த மாற்றம் உண்மையிலேயே நல்லது. அந்தப் பெட்டிகள் நிற்கும் இடத்துக்கு எதிரேயே நடைமேடையில் கடை போட்டு 20 ரூபாய்க்கு உணவு தருகிறார்கள். வடக்கே ஏழு பூரி, உருளைக்கிழங்கு, ஊறுகாய். தெற்கு ரயில்வேயில் லெமன் சாதம், புளி சாதம், தயிர் சாதம் 200 கிராம். கொடுத்த காசுக்கு நிறைவு என்று பார்த்தால் மொத்தப் பட்டியலிலும் இதற்குத்தான் முதலிடம்.

இவ்வளவுக்குப் பிறகும், காரைக்குடியில் ஏறுகிறவர் முதல் மூன்று வேளைக்குக் கட்டுச்சோறு கொண்டுபோவதுதான் சரி. புளி சாதத்துக்கு, நாலு பேருக்கு அரைக் கிலோ பொன்னி அரிசியை உதிராக வடித்து, அகலத் தாம்பாளத்தில் கொட்டி, இரண்டு கரண்டி நல்லெண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் ஆற விட வேண்டும். 75 கிராம் புளியைக் கெட்டியாகக் கரைத்து, 100 மில்லி நல்லெண்ணெயில் பத்துப் பன்னிரண்டு வரமிளகாய், கடுகு, கடலைப்பருப்பு, பெருங்காயம் தாளித்து, எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும் வரை காய்ச்ச வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டு இறக்கினால் நீர் மிஞ்சி, சோறு மறுநாள் நூல் விடும். ஆறிய சோற்றில் இதைக் கலந்தபின் சூட்டோடு மூடவே கூடாது. அனலில் வாட்டிய வாழை இலையில் வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டினால் ஒரு நாள் முழுக்கத் தாங்கும். எவர்சில்வர் தூக்கில் மொத்தமாக அடைத்தால் வேர்த்துவிடும். இட்லிக்குப் பொடியை எண்ணெயில் குழைத்து இரண்டு பக்கமும் தடவி, ஆறியபின் அடுக்க வேண்டும். தயிர் சாதத்துக்குக் குழைந்த சோற்றில் அரை லிட்டர் காய்ச்சிய பாலை விட்டு ஒரே ஒரு கரண்டி தயிர் கலந்தால் போதும், வண்டியிலேயே தோயும். ஏழெட்டு மணி நேரத்தில் பதமாக இருக்கும், பன்னிரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். வெள்ளரிக்காய், பச்சை வெங்காயம், தேங்காய் மூன்றும் எதிலும் சேரக் கூடாது.

நான்காம் வேளையிலிருந்து விஜயவாடாவுக்கு மேலே ஈ-கேட்டரிங், இல்லையென்றால் பேன்ட்ரியில் முட்டைப் பிரியாணி. இடையே தேன்குழல், சீப்புச்சீடை, மாவுருண்டை. காசியில் நாட்டுக்கோட்டை நகரச் சத்திரத்தில் நம் ஊர்ச் சாப்பாடு கிடைக்கும். தங்கப் பதியும்போதே வந்து சேரும் வேளையையும் சொல்லி வைத்துவிட வேண்டும். ஜபல்பூருக்கு மேலே வண்டி தாமதமானால் அந்த வேளை தவறிவிடும். அதற்காகக் கால் கிலோ கெட்டி அவலும் ஒரு வெல்லக்கட்டியும் பையின் அடியில் கிடக்கட்டும். பேன்ட்ரியில் வெந்நீர் கேட்டால் தருவார்கள், அவல் ஊறப் பத்து நிமிடம் போதும்.