நடைபாதைத் தளம்: பேவர் பிளாக்கா, கான்கிரீட்டா, கிரானைட்டா?

சென்னைத் தெருக்களில் நடைபாதை போடும்போது போட்டி இந்த மூன்றுக்குள்தான். நான் பேவர் பிளாக் பக்கம், அதாவது அச்சில் வார்த்து ஒன்றோடொன்று அடுக்கிப் பதிக்கும் சின்னக் கற்கள். தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம், ரோட்டிலிருந்து 150 மி.மீ.க்கு மேல் போகாத உயரம் என்று ஐ.ஆர்.சி. 103 (இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் நடைபாதை வழிகாட்டி) சொல்வது மூன்றுக்கும் பொது. உயரம் கூடினால் வயதானவர்கள் ஏற முடியாமல் வண்டிகளோடு ரோட்டில்தான் நடப்பார்கள்.

கிரானைட் எளிதில் தேயாது, கறை பிடிக்காது. ஆனால் பாலிஷ் போட்ட கல் மழையில் வழுக்கும். மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிய கல்லைத்தான் போட வேண்டும். விலையும் அதிகம். கடைவீதிக்குச் சரி, எல்லாத் தெருவுக்கும் கட்டுப்படியாகாது.

கான்கிரீட் சமமாக இருக்கும். சக்கர நாற்காலிக்கு இதைவிட நல்ல தளம் இல்லை. 100 மி.மீ. கனம், மூன்று மீட்டருக்கு ஒரு ஜாயின்ட், ஒரு வாரமாவது ஈரம் காயாமல் நீராற்றல் (க்யூரிங்): இவ்வளவு செய்தால் பல வருடம் அசையாது.

அசைப்பது நாம்தான். மின்கேபிள், குடிநீர், ஃபைபர் என்று ஒருவர் மாற்றி ஒருவர் தோண்டுவார்கள். கான்கிரீட்டை பிரேக்கர் வைத்து உடைத்தால் விளிம்பு கோணல்மாணலாகப் பெயரும். பள்ளத்து மண்ணைச் சரியாக இறுக்காமல் மேலே பூசிய ஒட்டு அடுத்த மழையிலேயே இறங்கி, கால் தடுக்கும் படியாகிவிடும். பேவரில் கற்களைக் கழற்றி அடுக்கி வைத்து, வேலை முடிந்ததும் அதே கற்களைத் திரும்பப் பதிக்கலாம். பள்ளத்தை 150 மி.மீ. அடுக்கடுக்காக இறுக்க வேண்டும். பள்ளத்தின் இருபுறமும் இரண்டு மூன்று வரிசை கூடுதலாகக் கழற்றிப் பதித்தால்தான் பழைய மட்டத்தோடு சேரும்.

பேவர் கெட்டுப்போவது பெரும்பாலும் அடியில் இருந்துதான். இறுக்கிய ஜல்லித் தளத்தின் மேல் 25 முதல் 30 மி.மீ. மணல் போதும். மேடுபள்ளத்தை மணலாலேயே நிரப்பினால் பிறகு குழி விழும். மணலுக்குப் பதில் கிரஷர் தூள் (ஜல்லி உடைக்கும்போது வரும் கல்தூள்) கூடாது. அது தண்ணீரைப் பிடித்துவைத்துச் சேறாகி இடுக்கு வழியே வெளியேறும். கல்லுக்குக் கல் 2 முதல் 4 மி.மீ. இடுக்கு விட்டு, உலர்ந்த நைஸ் மணலைக் கூட்டித் தள்ளி, வைப்ரேட்டர் ஓட்ட வேண்டும். கெர்ப் கல்லுக்கு (நடைபாதையின் ஓரக் கல்) பின்னால் கான்கிரீட் அணைப்பு இல்லையென்றால் ஓரத்து வரிசை நகரும், பின்னாலேயே மற்ற கற்களும் ஆடத் தொடங்கும். நடப்பதற்கு 60 மி.மீ. கல் போதும், வீட்டு கேட்டுக்கு வண்டி ஏறும் இடத்தில் 80. மேன்ஹோலைச் சுற்றித் துண்டுக் கல் செருகாமல் கான்கிரீட்டால் நிரப்புவது நல்லது.

கனரக வண்டி அடிக்கடி ஏறும் இடத்தில் பேவரை அழுத்திப் பரிந்துரைக்க எனக்குத் தயக்கம் உண்டு; அங்கே கான்கிரீட் மேலாக இருக்கலாம். சக்கர நாற்காலி குலுங்குவதும் உண்மையான குறைதான். விளிம்பு சரிவில்லாத செவ்வகக் கல் போட்டால் குலுக்கல் குறையும், முழுக்கப் போகாது.

வாங்கும்போதே 3 சதவீதமாவது கூடுதல் கல் எடுத்து வார்டு கிடங்கில் வைக்க வேண்டும். வேறு அச்சில் வார்த்த கல் ஒன்றிரண்டு மி.மீ. மாறினாலும் பழைய வரிசையில் உட்காராது.