லைகாய், டாய்கர், சவானா: அரிய பூனை இனங்களை வாங்க எண்ணுவோருக்கு ஒரு மதிப்பீடு

அண்மைக் காலத்தில் பேர் பெற்ற பூனை இனங்கள் பெரும்பாலும் படத்தைக் காட்டியே விற்கப்படுகின்றன. மடிந்த காது, குட்டைக் கால், புலிக்கோடு, ஓநாய் முகம் என்று ஏதோ ஒன்று கண்ணைக் கவர்கிறது. குட்டிக்கு முன்பணம் கட்டப்படுகிறது. வீட்டுக்கு வந்தபின் பதினைந்து ஆண்டுகள் நாம் பராமரிக்க வேண்டியது அந்தத் தோற்றத்தைச் சுமக்கும் உடலை. ஆகவே கீழே வரும் இனங்கள் ஒவ்வொன்றையும் ஒரே கேள்வியால் அளந்திருக்கிறேன்: அந்தப் புதுமையை உண்டாக்கிய மாற்றம் உடலில் எதுவரை செல்கிறது? ரோமத்தோடு நின்றுவிடுகிறதா, எலும்புக்குள் இறங்குகிறதா, பூனையின் குணத்தையே மாற்றிவிடுகிறதா?

இவற்றுள் எனக்கு மிகுந்த மதிப்பு ஏற்பட்ட இனம், ஓநாய் முகம் கொண்ட லைகாய். 2010ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விர்ஜீனியாவிலும் டென்னசியிலும், ஒன்றுக்கொன்று உறவில்லாத சாதாரணப் பூனைகளின் ஈற்றுகளில், அரைகுறை ரோமத்துடன் குட்டிகள் கிடைத்தன. அவற்றை எடுத்து வளர்த்தவர்களுள் ஒருவரான ஜானி காபிள் ஒரு கால்நடை மருத்துவர் என்பது இந்த இனத்தின் நல்வாய்ப்பு. குட்டிகளைப் பெருக்கி விற்பதற்கு முன்பே தொற்றுநோய், ஒட்டுண்ணி, இதயம் ஆகியவற்றுக்கான பரிசோதனைகள் செய்யப்பட்டன. ரோமமற்ற ஸ்பிங்ஸ், சுருள்ரோம டெவன் ரெக்ஸ் இனங்களின் மரபணுதானா என்பதும் சரிபார்க்கப்பட்டு, இல்லை என்று உறுதியாயிற்று. டென்னசி பல்கலைக்கழகத்தின் தோல் மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, சில மயிர்க்கால்களுக்கு மயிரை வளர்க்கும் திறனே இல்லை என்பதும், வளர்க்கும் மயிர்க்கால்களாலும் அதை நிலையாகத் தாங்க முடியவில்லை என்பதும் தெரியவந்தது. 2020இல் வெளிவந்த மரபணு ஆய்வு, இந்தத் தோற்றத்துக்கு ஒரே மரபணுவில் தனித்தனியே நிகழ்ந்த ஆறு வெவ்வேறு மாற்றங்கள் காரணம் என்று காட்டியது. டிகா என்று சுருக்கமாக அழைக்கப்படும் சர்வதேசப் பூனைச் சங்கம் 2017இல் இதைப் போட்டிகளில் கலந்துகொள்ளும் தகுதிக்கு உயர்த்தியது.

லைகாய் குட்டி பிறக்கும்போது சாதாரணக் கறுப்புக் குட்டியைப் போலவே இருக்கும். சில வாரங்களில் கண்ணைச் சுற்றியும் மூக்கு, மோவாய், காதின் பின்புறம் ஆகிய இடங்களிலும் ரோமம் உதிர்ந்து தோல் வெளிப்படுகிறது. எஞ்சிய கறுப்பு ரோமங்களுக்கிடையே வெள்ளை ரோமங்கள் கலந்து வளர்கின்றன. அடிமயிர் ஏறத்தாழ இல்லாததால் கையால் தடவினால் ரோமத்தைவிடத் தோலின் சூடுதான் முதலில் தெரியும். ஆண்டில் சில முறை ரோமம் கொத்தாகக் கொட்டும். சில பூனைகள் அப்போது ஏறக்குறைய வெற்றுடம்பாகி, பிறகு மீண்டும் ரோமம் தரிக்கும். இதை அறியாமல் வாங்குபவர் முதல் உதிர்வின்போதே மருத்துவமனைக்கு ஓடுவார். வாரத்துக்கு ஒருமுறை ஈரத்துணியால் துடைப்பதும், காதில் சேரும் அழுக்கை எடுப்பதும், நண்பகல் வெயில் படும் சன்னலோரத்தில் நெடுநேரம் படுக்கவிடாமல் பார்ப்பதும் போதும். தோலின் நுண்ணோக்கி ஆய்வுகளில் மயிர்க்கால்களை ஒட்டி அழற்சியின் அடையாளங்கள் காணப்பட்டிருப்பதால், தோலில் தடிப்போ புண்ணோ தெரிந்தால் இனத்தின் இயல்பு என்று விட்டுவிடக் கூடாது. ரோமம் குறைவு என்பதால் ஒவ்வாமை வராது என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பிகளிலும் உண்டாகிறது. அது லைகாயிடமும் இருக்கும்.

லைகாய்க்கு நேர் எதிர்முனையில் ஸ்காட்டிஷ் ஃபோல்டை வைக்கிறேன். இது புதிய இனம் அன்று. 1961இல் ஸ்காட்லாந்தின் கூப்பர் ஆங்கஸ் என்ற ஊருக்கு அருகே ஒரு பண்ணையில் கண்டெடுக்கப்பட்ட சூசி என்ற வெள்ளைப் பூனையின் வழிவந்தது. ஆனால் சமூக ஊடகங்களால் இப்போதுதான் பலர் இதைத் தேடுகிறார்கள். நம் நகரங்களிலும் விளம்பரங்களில் அடிக்கடி கண்ணில் படுகிறது. காதை மடிக்கும் மரபணு காதோடு நிற்பதில்லை. உடல் முழுவதும் குருத்தெலும்பு உருவாகும் முறையையே அது பாதிக்கிறது. பெற்றோரில் ஒன்றிடமிருந்து மட்டும் அந்த மரபணுவைப் பெற்ற பூனைக்கும் மூட்டுக்கோளாறு உண்டு; அளவுதான் பூனைக்குப் பூனை மாறும். காரணமான மாற்றம் 2016இல் அடையாளம் காணப்பட்டது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1970களின் தொடக்கத்தில், பிரிட்டனின் பூனைச் சங்கம் இந்த இனத்தைப் பதிவு செய்வதை நிறுத்திவிட்டது. நெதர்லாந்தில் இனப்பெருக்கம் 2014 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. 2026 ஜனவரி முதல் புதிதாக வாங்கி வைத்திருப்பதற்கும் தடை வந்திருக்கிறது.

இந்தப் பூனைகள் பின்னங்கால்களை முன்னே நீட்டி, முதுகைச் சாய்த்து, மனிதர்களைப் போல உட்கார்ந்திருக்கும் படங்களைப் பலரும் பகிர்கிறார்கள். மூட்டு வலியுள்ள பூனை கால்களின் சுமையைக் குறைக்கவும் அப்படி உட்காரும். வாலின் அடிப்பகுதியைக் கைவிரல்களால் மெல்லத் தாங்கித் தூக்கிப் பாருங்கள்: நல்ல பூனையின் வால் வளைந்து கொடுக்கும், நோய் முற்றியதன் வால் குட்டையாக, தடித்து, விறைத்து நிற்கும். பாதங்களில் கட்டிபோல எலும்பு புடைத்திருக்கும். வால் வளைகிற குட்டியாக இருந்தாலும் அது பின்னாளில் நோயற்று இருக்கும் என்பதற்கு உறுதி கிடையாது. என் பரிந்துரையில் ஐயத்துக்கு இடமில்லை: இந்த இனத்தின் குட்டியைப் பணம் கொடுத்து வாங்காதீர்கள். கைவிடப்பட்ட ஒன்றை எடுத்து வளர்க்க மனம் இருந்தால், வாழ்நாள் முழுவதும் வலி மருந்துக்கும் எக்ஸ்ரேக்கும் செலவிடத் தயாராக இருந்து எடுத்து வளருங்கள், அது நற்செயல்.

காதின் வடிவம்தான் வேண்டுமென்பவர்களுக்கு அமெரிக்கன் கர்ல் இருக்கிறது. 1981இல் கலிஃபோர்னியாவின் லேக்வுட் நகரில் ஒரு வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்த தெருப்பூனையின் வழி இது. காது முன்னால் மடியாமல் பின்னால் சுருள்கிறது. பிறந்த ஒரு வாரத்துக்குள் சுருளத் தொடங்கி நான்கு மாத அளவில் நிலைபெறுகிறது. இதன் மரபணுவோடு சேர்ந்து வரும் எலும்பு நோய் எதுவும் அறியப்படவில்லை. காதின் குருத்தெலும்பு விறைப்பானது. குழந்தைகள் அதைப் பிடித்து வளைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. அமைதியான, மனிதரை ஒட்டி வாழும் பூனை வேண்டும் குடும்பத்துக்கு இதைத் தயக்கமின்றிச் சொல்வேன்.

குட்டைக்கால் மன்ச்கின் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. 1983இல் லூயிசியானாவில் கண்டெடுக்கப்பட்ட ஒரு பூனையிலிருந்து பெருக்கப்பட்ட இனம். பெற்றோர் இருவரிடமிருந்தும் அந்த மரபணுவைப் பெறும் கரு பிறக்காமலே அழிந்துவிடுகிறது. பிறந்தவை துள்ளி ஓடுகின்றன என்பது உண்மையே. ஆனால் மூட்டுத் தேய்மானம், முதுகெலும்பு வளைவு குறித்த கவலை நீங்கவில்லை. இதையும் ஸ்பிங்ஸையும் கலந்து உண்டாக்கிய பாம்பினோ போன்றவற்றில் இரண்டு இனங்களின் குறைகளும் ஒரே உடலில் சேர்கின்றன. அதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

டாய்கர் வேறு வகை. திடீரெனத் தோன்றிய மரபணு மாற்றத்தைப் பிடித்துக்கொள்ளாமல், பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து வரைந்த கோடுகள் இதன் மேல் இருக்கின்றன. பெங்கால் இனத்தை உருவாக்கிய ஜீன் மில்லின் மகள் ஜூடி சக்டன் 1980களின் இறுதியில் இதைத் தொடங்கினார். சாதாரணப் பூனைகளின் நெற்றியில் கோடுகள் நீளவாக்கில் ஓடும். புலியின் முகத்தில் அவை வட்டமாகச் சூழும். அந்த வட்டத்துக்கான சாயல், இந்தியாவின் காஷ்மீரில் தெருவில் திரிந்த ஓர் ஆண் பூனையின் தலைக்கோலத்தில் அவருக்குக் கிடைத்தது. 1993இல் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்று இனத்தின் மூதாதையரில் ஒன்றாக்கினார். நம் நாட்டுத் தெருப்பூனை ஒன்றின் இரத்தம் விலை உயர்ந்த ஓர் இனத்தில் ஓடுவதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே பெருமிதமாக இருந்தது. டாய்கர் நடுத்தர அளவினது, பழக எளியது, பெங்காலைப்போல ஓயாது பரபரப்பதில்லை. வாங்கும்போது டாய்கர், பெங்கால் இரண்டுக்கும் ஒரே எச்சரிக்கை: இதயத்தசை தடிக்கும் நோய்க்குப் பெற்றோர் பூனைகளிடம் எக்கோ என்னும் இதய ஒலியலைப் பரிசோதனை செய்திருக்க வேண்டும். பெங்கால் இரத்தம் கலந்திருப்பதால், பார்வையைப் படிப்படியாக இழக்கச் செய்யும் மரபுநோய்க்கும், சிவப்பணுக்களை அழித்துச் சோகை உண்டாக்கும் மரபுநோய்க்கும் மரபணுச் சோதனை முடிவுகளையும் கேளுங்கள்.

சவானாவில் மாற்றம் குணம்வரை செல்கிறது. ஆப்பிரிக்காவின் சர்வல் என்ற நெடுங்கால் காட்டுப்பூனையும் வீட்டுப்பூனையும் கூடிப் பிறந்த முதல் குட்டி 1986இல் அமெரிக்காவில் பிறந்தது. டிகா 2001இல் பதிவுக்கும் 2012இல் போட்டிக்கும் ஏற்றது. விளம்பரத்தில் சவானா என்ற பெயரைவிட அதை அடுத்து வரும் தலைமுறை எண்ணைத்தான் கவனிக்க வேண்டும். எஃப்1 என்றால் பெற்றோரில் ஒன்று சர்வல். எஃப்2 என்றால் பாட்டன் பாட்டியரில் ஒன்று. எஃப்5 எட்டும்போது உருவத்திலும் நடத்தையிலும் வீட்டுப்பூனையின் பக்கமே சாய்ந்துவிடும். எஃப்1 குட்டிக்கு 20,000 டாலர் வரை விலை சொல்கிறார்கள். சர்வலின் சினைக்காலம் நீளமானதால் குட்டிகள் குறைமாதத்தில் பிறப்பதுண்டு. முதல் தலைமுறைகளின் ஆண்கள் மலடு. இத்தனையும் தாண்டி வீட்டுக்கு வரும் பூனை பத்துக் கிலோவைத் தொடக்கூடியது. அலமாரியின் உச்சிக்கு ஒரே தாவலில் ஏறும், கதவுத் தாழ்ப்பாளைத் திறக்கக் கற்கும், அந்நியரைக் கண்டால் பாம்பெனச் சீறும். சுவரிலும் மெத்தையிலும் சிறுநீர் தெளித்து எல்லை வகுக்கும் பழக்கம்தான் பலரை இறுதியில் கைவிடச் செய்கிறது. அடுக்குமாடி வீட்டில் எஃப்1, எஃப்2 சவானாவை வைப்பது அந்த உயிருக்குச் செய்யும் தீங்கு.

சட்டத்தையும் முன்கூட்டியே பாருங்கள். ஆஸ்திரேலியா 2008இல் சவானா இறக்குமதியைத் தடை செய்தது; அமெரிக்காவின் ஹவாய், ஜார்ஜியா மாநிலங்களில் வைத்திருக்க அனுமதி இல்லை; சிங்கப்பூரில் பெங்கால், சவானா இரண்டிலும் ஐந்தாம் தலைமுறை முதலே ஏற்கிறார்கள். இந்தியாவில் இன்னொன்றையும் கருத வேண்டும். பெங்காலின் காட்டு மூதாதையான சிறுத்தைப் பூனை நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழ்வது, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. வம்சாவளிச் சான்று இல்லாமல் பெங்கால் என்று யாராவது புள்ளிக்குட்டி ஒன்றை நீட்டினால், அது காட்டிலிருந்து பிடித்ததாகவும் இருக்கலாம். அதைத் தொடவே வேண்டாம்.

எந்த இனமானாலும், பன்னிரண்டு வாரம் நிறையாத குட்டியைத் தருபவரிடம் வாங்காதீர்கள். தாய்ப்பூனையை அது வளரும் இடத்திலேயே நேரில் பார்க்கக் கேளுங்கள். காணொளி மட்டும் அனுப்புபவரை விட்டுவிடுங்கள். பெற்றோரின் எக்கோ அறிக்கையில் தேதியைப் பாருங்கள். இதயத்தசை நோய் வயது ஏறிய பின்னும் தோன்றக்கூடியது என்பதால், மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை எடுத்த அறிக்கைக்கு மதிப்பு குறைவு. இனப்பெருக்கத்தில் இருக்கும் பூனைக்கு ஆண்டுதோறும் எடுத்திருக்க வேண்டும். மரபணுச் சோதனை முடிவில் இருக்கும் மைக்ரோசிப் எண்ணும், உங்கள் முன் நிற்கும் பூனையின் தோளிடையே ஸ்கேனர் வைத்தால் வரும் எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். நேர்மையான பிரீடர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். நீங்கள் கேட்பதற்கு முன்பே ஸ்கேனரை எடுத்து வைத்திருப்பார்.